ஐஸ்கிரீம் கோனைச் சூட்டோடு ஏன் சுருட்டுகிறார்கள்? டௌமர்ஸ் கடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கோன் என்பது வேறொன்றுமில்லை, இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் மாவை வைத்துச் சுட்ட மெல்லிய இனிப்பு வாஃபிளைச் சுருட்டியது. மாவில் சர்க்கரை தாராளமாக இருக்கும். சூட்டில் அது இளகி, வாஃபிள் துணி மாதிரி வளையும். ஆறியதும் இறுகி மொறுமொறுப்பாகிவிடும். கடலை மிட்டாய்ப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டோடு தட்டினால்தான் உண்டு, கொஞ்சம் அசந்தால் கல்.

சிரியாவிலிருந்து அமெரிக்கா போன ஏப் டௌமர், அங்கே 1904-இல் நடந்த செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வாஃபிளைச் சுருட்டி ஐஸ்கிரீம் வைத்து விற்றதாக அவர் குடும்பம் சொல்கிறது. அப்புறம் நான்கு இரும்புத் தட்டுகள் கொண்ட ஒரு இயந்திரம் செய்வித்தார். 1907-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில், கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவில் கடை போட்டார். அதுதான் டௌமர்ஸ். 1933 புயலுக்குப் பிறகு கடை ஊருக்குள் மான்டிசெல்லோ அவென்யூவுக்கு மாறியது. இயந்திரம் மட்டும் மாறவில்லை. மாவை ஊற்றி, தட்டை மூடி, திருப்பி, வெந்ததும் எடுத்து மரக்கூம்பில் சுற்றுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அதே வேலை!

சரி, கோனைக் கண்டுபிடித்தவர் டௌமர்தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அதே கண்காட்சியிலேயே உரிமை கோரியவர்கள் பலர். போதாததற்கு, உண்ணக்கூடிய ஐஸ்கிரீம் கிண்ண அச்சுக்கு நியூயார்க் ஐஸ்கிரீம் வியாபாரி இட்டாலோ மார்கியோனி 1903-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.