தண்ணீரே கிடைக்காத 180 கி.மீ. பாலைவனச் சாலையைச் சைக்கிளில் கடக்க எவ்வளவு தண்ணீர், என்னென்ன சாமான்கள் வேண்டும்?

தண்ணீர்க் கணக்கை மணியில் போடுங்கள், கிலோமீட்டரில் போடாதீர்கள். பாலைவனத்தில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

சுமை ஏற்றிய சைக்கிள் சமதரையில், காற்றில்லாத நாளில், மணிக்கு 15 கி.மீ. போகும். 180 கி.மீ.க்கு 12 மணி நேரம். எதிர்க்காற்று கிளம்பிவிட்டால் அதே கால்களுக்கு 9 கி.மீ. வந்தாலே பெரிது. அப்போது 20 மணி நேரம். ஒரு நாள் பாதை இரண்டு நாளாகிவிடும், நடுவில் ஓர் இரவும் சமையலும் சேர்ந்துகொள்ளும். எனவே 20 மணி நேரத்துக்குத்தான் கணக்கு.

வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மிதிக்கும் நேரத்துக்கு மணிக்கு 750 மி.லி. வையுங்கள்: 15 லிட்டர். உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கும் நேரம் இரண்டு நாளும் சேர்த்து 10 மணி, மணிக்கு 300 மி.லி. வீதம் 3 லிட்டர். சமையலுக்கு 1.5. அதற்கு மேல் தொடாத கையிருப்பு 4. மொத்தம் 23.5 லிட்டர், அதாவது 23.5 கிலோ. இதே பாதையை 20-25 டிகிரி இருக்கும் மாதத்தில் போனால் மிதிக்க 10, ஓய்வுக்கு 2, சமையலுக்கு 1.5, கையிருப்பு 3 என்று 16.5 லிட்டரில் முடிந்துவிடும். ஏழு கிலோ குறைகிறது! எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இலகுவான கூடாரமும் இந்த ஏழு கிலோவை மிச்சப்படுத்தாது. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், சாமான் பிறகு.

180 என்பது கற்பனைத் தூரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளி வழியில் பல்லடோனியா, கெய்குனா என்ற இரண்டு சாலையோர நிறுத்தங்களுக்கு இடையே 182 கி.மீ. இருக்கிறது, அதில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை.

மேலே சொன்ன 750 மி.லி. பொதுக் கணக்கு. உங்கள் உடம்பின் கணக்கை நீங்களே அளந்துவிடலாம். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கிளம்பும் முன்பும், வந்து வியர்வையைத் துடைத்த பிறகும் எடை பாருங்கள். குறைந்த கிலோவோடு நடுவில் குடித்த லிட்டரைக் கூட்டினால் அதுதான் உங்கள் வியர்வை. சிலருக்கு 1.5 லிட்டர்கூட வரும். குடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் உறிஞ்சும் என்பதால், அப்படிப்பட்டவர்கள் பகலில் குடித்து ஈடுகட்ட முடியாது. விடியலிலும் மாலையிலும் மட்டும் ஓட்டுவதே அவர்களுக்கு வழி. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். தோல் நனையவில்லையே, வியர்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அது வெயில் மயக்கம் போலவே தெரிவதால், ஆள் இன்னும் தண்ணீர் குடித்து நிலைமையை மோசமாக்கிக்கொள்வார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டராவது உப்புச்சர்க்கரைக் கரைசலாக இருக்கட்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

தண்ணீரை ஒரே பையில் வைக்காதீர்கள். ஃப்ரேமில் இரண்டு பாட்டில்கள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இருபுறமும் ஒவ்வொரு 1.5 லிட்டர் பாட்டில், மீதி பின்பக்கப் பைகளின் அடியில். கேரியரின் மேலே உயரமாகக் கட்டினால் மணலில் சைக்கிள் ஆடும். குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில் இலேசு, உறுதி; எங்கும் கிடைக்கும். மடக்கும் தண்ணீர்ப் பை கிழியக்கூடியது, ஆகவே அதை முதலில் காலி செய்யுங்கள். கையிருப்பை மூடி திறக்காத பாட்டிலில் டேப் ஒட்டி வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாவற்றையும் நிரப்பி, காகிதத்தின் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் எந்தக் காகிதம் ஈரமோ அந்தப் பாட்டிலை விட்டுவிடலாம்.

வரைபடத்தில் கிணறு என்று போட்டிருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆள் இருக்கும் இடம் மட்டுமே நிச்சயம். அதையும் எதிரே வரும் இரண்டு வண்டிக்காரர்களிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் "பக்கத்துலதான்" லாரிக்குப் பக்கம். கிலோமீட்டர் கேட்டு வாங்குங்கள். ஃபில்டர் கிருமியை எடுக்கும், உப்பை எடுக்காது. உவர்த்தண்ணீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றவே உடம்பு கூடுதல் தண்ணீர் கேட்கும். பாலைவன இரவில் உறைகுளிர் வந்தால் நுண்குழாய் ஃபில்டரின் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே தெரியாது. தூங்கும்போது உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுலபம். ஊறவைத்தாலே வெந்துவிடும் ஓட்ஸ், நூடுல்ஸ் வகை, பேரீச்சை, உப்பு போட்ட கொட்டைகள். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டும் எதுவும் வேண்டாம். ஒரு நாள் உணவு உபரியாக இருக்கட்டும்.

பஞ்சர்தான் தண்ணீரைத் தின்னும். ஒரு பஞ்சருக்கு வெயிலில் முக்கால் மணி நேரம் போனால் அரை லிட்டர் போனது. வறண்ட நிலத்தில் முதல் எதிரி நெருஞ்சி முள். பிடுங்கும்போது முனை முறிந்து டயருக்குள் தங்கிவிடும், புது ட்யூபையும் பத்து நிமிடத்தில் குத்தும். டயரைக் கழற்றி உள்பக்கம் முழுக்க ஒரு பருத்தித் துணியை இழுத்துப் பாருங்கள். முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். சிறு இடுக்கியால் எடுங்கள். ட்யூப் 3, ஒட்டு 15, ஒட்டும் பசை திறக்காத இரண்டு ட்யூப் (திறந்தது வெப்பத்தில் காய்ந்துவிடும்). ட்யூப்லெஸ் டயர் என்றால் உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் திரவமும் சீக்கிரம் வற்றும். கிளம்பும் முன் புதிதாக ஊற்றுங்கள். இத்தனை சுமையில் பின்சக்கரத்தின் செயின் பக்கக் கம்பிதான் முதலில் உடையும், அந்த நீளத்தில் நான்கு கம்பிகள் வையுங்கள். செயினுக்கு உலர்வகை எண்ணெய்தான். ஈர எண்ணெய் மணலைப் பிடித்து அரைத்துவிடும்.

கிளம்பும்போதே ஒரு திரும்பும் எல்லை வையுங்கள். கையிருப்பு நீங்கலான தண்ணீரில் பாதி தீரும்போது பாதித் தூரம் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால், பின்னால் இருக்கும் தண்ணீர்தான் கிட்டத்தில் இருக்கிறது, சைக்கிளைத் திருப்புங்கள். எதிர்க்காற்று உங்களை அங்கே வேகமாகவே கொண்டு சேர்க்கும். எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரத்தையும் 9 கி.மீ. வேகத்தில்தான் கணக்கிட வேண்டும்.