கிளப் வரவு செலவு: கேள்வி-பதில்

கே: 5 பேர் சேர்ந்து கால்பந்து கிளப் நடத்துகிறோம். சங்கமாகப் பதியலாமா?

ப: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். வங்கிக் கணக்கு கிளப் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். தலைவரின் சொந்த ஜிபேயில் வசூல் வேண்டவே வேண்டாம்.

கே: எங்கள் கிளப்புக்கு நல்ல பிசினஸ் பிளான் போட்டுத் தருவீர்களா?

ப: என்ன விளையாட்டு, எத்தனை பேர், மைதானம் யாருடையது? ஒன்றுமே எழுதாமல் பிளான் கேட்டால் எப்படி? 12 மாத வரவு செலவோடு எழுதுங்கள்.

கே: வாலிபால் டோர்னமென்ட்டுக்குச் செலவு ஒன்றரை லட்சம். 40 அணி, தலா ஆயிரம். மீதியை ஸ்பான்சர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பரிசு 30,000 என்று நோட்டீஸ் அடித்துவிட்டோம். சரியா?

ப: சரியில்லை. 'தருவதாகச் சொன்னது' வரவு அல்ல. கைக்கு வந்ததுதான் வரவு. எத்தனை தடவை எழுதினாலும் கடிதத்துக்குக் கடிதம் இதே கதை! ஸ்பான்சர் கைவிரிப்பார், நோட்டீஸில் அடித்த 30,000 மட்டும் கடனாக நிற்கும். 40 அணி பெயர் கொடுத்தால் 30 வரும், அதிலும் நான்கைந்து 'நம்ம பசங்க' கட்டணம் கட்டாது. நுழைவுக் கட்டண வரவு 25,000 என்று எழுதுங்கள். மைக் செட், லைட், நடுவர் படி, சாப்பாடு, முதலுதவி இவற்றைக் குறைக்க முடியாது, குறைக்கக்கூடியது பரிசுத்தொகைதான். அதனால் அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். ஸ்பான்சரிடம் தொகை, தேதி குறித்த கடிதம் வாங்குங்கள். பாதிப் பணம் வங்கிக்கு வந்த பிறகே அவர் பெயரில் ஃப்ளெக்ஸ். போட்டிக்கு 15 நாள் முன்பு கையில் உள்ளதை எண்ணிவிட்டு நோட்டீஸ் அடிப்பதே முறை. உங்கள் நோட்டீஸ் ஊருக்குள் போகவில்லையென்றால் மாற்றி அடியுங்கள். அச்சுக்கூலி நஷ்டம் சின்னது.

கே: ஆண்கள் கபடிக்கு 96 துண்டு மேட் போதும் என்கிறார் கடைக்காரர்.

ப: அது 12x8 மீட்டர், பெண்கள் ஆடுகளம். ஆண்களுக்கு 13x10, மீட்டர் சதுரத் துண்டானால் 130, உதிரிக்கு ஐந்து. தரை சமமாக இல்லாவிட்டால் இணைப்பு விலகி, இடுக்கில் கால்விரல் மாட்டும். தரைக்கும் பூட்டுள்ள ஷெட்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மேட்டுக்குப் போங்கள்.

கே: 60 உறுப்பினர், மாதச் சந்தா 200. 12,000-க்குக் கோச் வைக்கலாமா?

ப: வசூலாவது 9,000 என்று வையுங்கள். கைக்கு வந்ததுதான் வரவு. பந்து, கரண்ட் போக மிஞ்சுவதில்தான் கோச். சந்தாவை 3 மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கினால் நிலுவை குறையும்.

கே: கிளப் தொடங்கி 8 மாதம். எங்கள் டோர்னமென்ட்டுக்கு சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கிடைக்குமா?

ப: கிடைக்காது. 3 ஆண்டுச் செயல்பாடும், அந்த நிதி வாங்க மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும் கேட்பார்கள். சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற சட்டப் பட்டியலில் இருப்பது விளையாட்டுப் பயிற்சி. ஒருமுறை நடத்தும் போட்டி அதில் சேராது.