வீட்டிலேயே கொம்புச்சா போட்டுக் குடிக்கலாமா? உங்கள் அனுபவம் என்ன?

குடிக்கலாம். கொம்புச்சா என்பது இனிப்பு டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். வேளச்சேரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று வருடமாக ஒரு ஜாடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் முதல் தடவை போட்டதை முழுவதும் சாக்கடையில்தான் ஊற்றினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு ஸ்கோபி, அதாவது டீயைப் புளிக்கவைக்கும் கிருமிகள் சேர்ந்த ஆடை, கொடுத்தார். வெளிறிப்போன ஈர ஆப்பம் மாதிரி இருக்கும், தொட்டால் வழுக்கும். கூடவே இரண்டு ஸ்பூன் புளித்த தண்ணீர். அந்த ஆப்பத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்று நினைத்து, இரண்டு லிட்டர் இனிப்பு டீயில் மிதக்கவிட்டேன். ஆறாம் நாள் மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக, காய்ந்த பஞ்சு போலப் பூசணம். அம்மாவிடம் காட்டினேன். கொம்புச்சா என்ற பேரையே அன்றுதான் கேட்கிறார். மோந்துகூடப் பார்க்கவில்லை. "உறை பத்தலடா" என்றார், அவ்வளவுதான்.

விஷயம் உண்மையில் அதுதான். டீயில் போடும் சர்க்கரையை ஈஸ்ட் உடைத்துச் சாராயமாக்குகிறது, கூடவே வாயுவையும் விடுகிறது. அந்தச் சாராயத்தைப் பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக்குகிறது. அதாவது காடியின் புளிப்பு. மேலே படரும் ஆடை அந்தப் பாக்டீரியா நெய்கிற செல்லுலோஸ். கிருமிகள் ஆடையிலும் இருக்கும், தண்ணீரிலும் இருக்கும். ஆனால் ஜாடியை முதல் நாளிலேயே புளிப்பாக்கி, பூசணம் ஒட்டாமல் காப்பது பழைய புளித்த தண்ணீர்தான். ஆடையே இல்லாமல் அந்தப் புளித்த தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் புது ஆடை கட்டிவிடும். ஆடையை மட்டும் வைத்துக்கொண்டு என்னை மாதிரி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் போடும் அளவு: இரண்டு லிட்டர் தண்ணீர், 150 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 12 கிராம் நீலகிரி இலைத்தூள், போன தடவை எடுத்து வைத்த புளித்த தண்ணீர் 250 மில்லி. டஸ்ட் டீயிலும் வரும், ஆனால் கசடு அடியில் தங்கிக் கசக்கும். மசாலா டீத்தூள் வேண்டாம். நாட்டுச்சர்க்கரை போட்டுப் பார்த்தேன். புளித்தது, ஆனால் சகதித் தண்ணீர் மாதிரி கலங்கல், வாசமும் பிடிக்கவில்லை. சர்க்கரையைக் குறைக்கட்டுமா என்று பலர் கேட்பார்கள். அது கிருமிகளுக்கான சாப்பாடு, ரொம்பக் குறைக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் அவை தின்று தீர்ப்பதும் இல்லை, ஒரு பங்கு உங்கள் டம்ளரில் வரத்தான் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

டீ நன்றாக ஆறிய பிறகுதான் உறையை ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் கிருமி செத்துப்போகும். கண்ணாடி ஜாடிதான் நல்லது. பளபளப்புப் பூச்சு உள்ள பீங்கானில் ஈயம் இருந்தால் இந்தப் புளிப்பு அதைக் கரைத்து இழுத்துவிடும். பித்தளை, அலுமினியம் பக்கமே போகாதீர்கள். பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், அதனால் மூடிக்குப் பதில் நெருக்கமான நெசவுத் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். வலை மாதிரி துணி என்றால் பழ ஈ உள்ளே போய்க் குடும்பமே நடத்தும்.

எத்தனை நாள் என்பதில்தான் குழப்பம். குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் ஏழு முதல் பதினான்கு நாள் என்றிருக்கும். சென்னை மே மாதத்தில் பதினான்கு நாள் விட்டால் ஊறுகாய்தான் போடலாம். எங்கள் வீட்டில் கோடையில் ஐந்து நாள், மார்கழியில் ஒன்பது பத்து நாள். நாலாம் நாளிலிருந்து சுத்தமான ஸ்பூனில் எடுத்து ருசி பார்ப்பேன். புதிதாகப் போடுகிறவர்கள் புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்கி வைத்துக்கொண்டால் நிம்மதி (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்): உறை ஊற்றியதும் 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும், முடியும்போது 3-ஐ ஒட்டி வரும். பழுப்பு நூல் மாதிரி தொங்குவது ஈஸ்ட், பயப்பட வேண்டாம். மேலே காய்ந்து, மயிர் முளைத்த மாதிரி இருந்தால் பூசணம். சுரண்டி எடுத்துவிட்டுக் குடிக்கிற வேலை கூடாது, ஆடையோடு சேர்த்து மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் நுரைக்கும் விஷயம். வடித்த பிறகு பாட்டிலில் ஒரு துண்டு இஞ்சியும் நாலைந்து பன்னீர் திராட்சையும் நசுக்கிப் போட்டு இறுக மூடி வெளியே வைத்தால் வாயு சேர்ந்து சோடா மாதிரி ஆகும். கோடையில் ஒரு நாள் போதும். ஒரு தடவை ஊருக்குப் போனவன் மறந்து மூன்று நாள் விட்டுவிட்டேன். வந்து மூடியைத் திறந்ததும் பாதி பாட்டில் கூரையில். அந்த ஊதாக் கறை இன்னமும் இருக்கிறது, வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. பாட்டில் வெடிக்காமல் போனதே அதிர்ஷ்டம். கண்ணாடி வெடித்தால் விளையாட்டில்லை. அன்றிலிருந்து அதே சரக்கை ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலிலும் நிரப்பி வைக்கிறேன். அது கல் மாதிரி இறுகிவிட்டால் எல்லாவற்றையும் தூக்கி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதுதான்.

பெயர்க் குழப்பம் ஒன்று: ஜப்பானில் போய் கொம்புச்சா கேட்டால் உப்புக் கரிக்கும் கடற்பாசி டீதான் வரும். நம் சரக்குக்கு அங்கே பெயர் 'கோச்சா கினோகோ', டீக் காளான் என்று பொருள். ரஷ்யர்களும் டீக் காளான் என்றுதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் இது காளானே இல்லை.

உடம்புக்கு நல்லதா என்றால், புற்றுநோய் போகும், நச்சு வெளியேறும் என்பதெல்லாம் கதை. எனக்குப் பிடித்த புளிப்புப் பானம், அவ்வளவுதான். 1995-இல் அமெரிக்காவின் அயோவாவில் இதைத் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி, ஒருவர் இறந்தார். இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அப்போது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் நாளுக்கு நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 120 மில்லி குடித்தால் கெடுதல் இராமல் போகலாம் என்று சொன்னது. நானும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் குடித்த அன்றெல்லாம் நெஞ்செரிச்சல். கொஞ்சம் சாராயமும் உண்டு, பாட்டிலில் இரண்டாம் முறை நுரைக்கவிட்டால் இன்னும் கூடும். அதனால் வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தொட வேண்டாம்.

அம்மா ஒரே ஒரு தடவை ஒரு வாய் குடித்தார். "இதுக்கு நீராகாரம் போதாதா?" என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. நீங்கள் தொடங்குவதாக இருந்தால், யாரிடமாவது ஸ்கோபி கேட்கும்போது ஆடை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, புளித்த தண்ணீரை மட்டும் ஒரு முழு டம்ளர் கேட்டு வாங்குங்கள்.