பால்வெட்டும் எந்திரம்

அன்புள்ள ஐயா,

குலசேகரத்துக்கு அருகே ஓர் ஊரில் வசிக்கிறேன். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். நண்பர்களுடன் சேர்ந்து, ரப்பர் மரத்தில் தானாகப் பால்வெட்டும் எந்திரம் ஒன்றைச் செய்தேன். மரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டால் மோட்டார் கத்தி சாய்வாக இறங்கி வெட்டும். கட்டி அவிழ்ப்பது உட்பட மரத்துக்கு மூன்று நிமிடம். கல்லூரிப் போட்டியில் முதல் பரிசு பெற்றது, காணொளியும் வெளியிட்டோம். ஆனால் ஊரில் பால்வெட்டுகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நம் மக்கள் ஏன் புதுமையை ஏற்பதில்லை? இதற்குக் காப்புரிமை பெறலாமா? நான் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற வாரம்தான் அருமனையில் எங்கள் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். எப்போதோ மறுநடவு செய்திருக்கவேண்டிய மரங்கள். அடுத்த மாதம் வெட்டிச் சாய்க்கிறோம். திரும்பி வந்தால் உங்கள் கடிதம்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி வீட்டில் பேசி முடிவெடுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே காணொளியை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டீர்கள். புதுமை என்னும் தகுதியே இனிக் கேள்விக்குரியது. மக்கள் புதுமையை ஏற்பதில்லை என்ற வாக்கியத்தை மட்டும் இனி எங்கும் எழுதாதீர்கள். கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகத்தை மலையோரமெங்கும் நட்டவர்கள் இவர்கள்தான். மழையிலும் வெட்டு நடக்கவேண்டும் என்று மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டிப் பசை பூசியவர்களும் இவர்கள்தான்.

அவர்கள் சிரித்தது ஒரு கணக்கைப் பார்த்து. ஒருவர் விடியலில் ஏறத்தாழ 300 மரம் வெட்டுகிறார். உங்கள் எந்திரத்துக்கு அது 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பால்குழாய்களில் அழுத்தம் குறையும், ஒழுக்கும் குறையும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குவது அதனால்தான். மேலும், வெட்டுவாயில் உறைந்து கிடக்கும் வள்ளிப்பாலை முதலில் உரித்தெடுக்கவேண்டும். உங்கள் கத்தி அதை உரிக்குமா, அதில் சிக்கிக்கொள்ளுமா?

இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். காணொளியில் உங்கள் கத்தி வலது மேலிருந்து இடது கீழாக இறங்குகிறதே, அதை மன்னிக்க முடியவில்லை. ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்பவை அல்ல; மேலே போகப்போக மூன்று முதல் ஐந்து பாகை வரை வலப்புறம் சாய்பவை. அதனால்தான் ஒட்டுமரத்தில் இடது மேலிருந்து வலது கீழாக, 30 பாகைச் சரிவில் வெட்டுகிறோம். அப்போதுதான் அதிகமான குழாய்கள் அறுபடும். எதிர்த்திசையில் வெட்டினால் அதே பட்டை செலவாகும், பால் குறையும். இதைப் பள்ளிக்கூடம் போகாத பால்வெட்டுகாரரும் அறிவார். நான்கு ஆண்டு பொறியியல் படித்த நீங்கள் அவர்களில் ஒருவரிடமாவது ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆழம் இன்னும் கடினமான காரியம். பால்குழாய்கள் நெருங்கிக் கிடப்பது உட்பட்டையில், கேம்பியம் என்னும் வளர்படலத்தை ஒட்டி. ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டவேண்டும். மேலே நின்றால் பால் இல்லை. உள்ளே போனால் மரத்துக்குக் காயம். ஒரே மரத்திலும் பட்டையின் கனம் சுற்றிலும் ஒன்றாக இராது. கத்தி நகர நகர மணிக்கட்டு அதை உணர்ந்து தளர்கிறது, அழுத்துகிறது. உங்கள் எந்திரத்தில் அந்த உணர்வுக்கு ஏதாவது ஓர் உறுப்பு உண்டா?

எனக்கும் அந்த உணர்வு இருக்கவில்லை. பதினான்கு வயதில், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று, யாரையும் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். வேகமாக முடித்துவிட்டதில் பெருமை. மறுநாள் அப்பா ஒவ்வொரு மரமாக விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பதினேழு மரங்களில் கத்தி பட்டையைத் தாண்டித் தடிவரை போயிருந்தது. அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து அந்தக் காயத்தின்மேல் வைத்து, "ஆறும், ஆனா மேடாயிட்டு ஆறும்" என்றார். பட்டை மறுபடி வளர்ந்து அந்த இடத்துக்கு வெட்டு திரும்பி வந்தபோது, மேடுகளில் கத்தி ஓடவில்லை. சென்ற வாரம் அவற்றைத் தொட்டுப் பார்த்தேன், முழங்கையளவு முடிச்சுகள்.

1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்த தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி, வேகமான கத்தியைத் தேடவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் மரத்தின் காயம் எப்படி ஆறுகிறது என்று கவனித்தார். பழைய வெட்டுவாயையே மெல்லிய சீவலாகச் சீவினால் மரமும் பிழைக்கும், அடுத்தடுத்த வெட்டில் பாலும் கூடும் என்று கண்டார். தோட்டக்காரர்கள் அவரையும் பார்த்துச் சிரித்தார்கள். பித்தன் ரிட்லி என்றே பெயர். அந்தச் சிரிப்போடு உங்களுக்குக் கிடைத்த சிரிப்பை ஒப்பிட்டுக்கொள்ளவேண்டாம், தம்பி. அவர் வருடக்கணக்காக மரத்தடியில் நின்றவர்.

ஆனால் வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் தோட்டங்கள் சும்மா கிடப்பது எனக்கும் தெரியும். உங்கள் எந்திரம் வேண்டாத பொருள் அல்ல. அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு விடிகாலை நாலரை மணிக்கு அருமனைக்கு வாருங்கள். எப்படியும் சாயப்போகிற மரங்கள். எத்தனை காயம் பட்டாலும் கவலையில்லை. வெட்டிய இடத்தைக் குறுக்கே அறுத்து, கேம்பியத்துக்கு மேல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக அளந்து எழுதுவோம். எங்கள் தோட்டத்தில் இருபது வருடமாக வெட்டும் அக்காவும் வருவார்; அவர் வெட்டுகளையும் அதே போல அளப்போம். காலைக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் வீட்டில் உண்டு.