பழைய வீட்டு பாய்லர்: முதலில் சுவரையும் குழாயையும் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே? இங்கிலாந்தில் நீங்கள் வாங்கியிருப்பது விக்டோரியா காலத்து லிஸ்டட் வீடு, அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடம். முன்னறைக் கணப்புக்குப் பின்னால் பழைய பேக் பாய்லர், லாஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள பரணில்) தண்ணீர்த் தொட்டி. வந்து பார்த்தவர் 35 கிலோவாட் காம்பி (தொட்டி இல்லாமல், தெருக்குழாய் நீரை அவ்வப்போது சூடாக்கித் தந்து, வீட்டையும் சூடாக்கும் பாய்லர்) போட்டுவிடலாம் என்கிறார். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைச் சுவரும் தரைக்கடியில் ஓடும் குழாயும்தான் தீர்மானிக்கும்.

முதலில் ஃப்ளூ, அதாவது பாய்லரின் புகை வெளியேறும் குழாய். 2005 ஏப்ரலிலிருந்து இங்கே புதிதாகப் போடும் கேஸ் பாய்லர், சில விதிவிலக்குகள் தவிர, கண்டன்சிங் வகையாகவே (புகையிலுள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகை) இருக்க வேண்டும். அதன் புகையில் ஈரமும் அமிலமும் இருப்பதால் செங்கல் சிம்னிக்குள் அப்படியே விட முடியாது. பெரும்பாலும் வெளிச்சுவரைத் துளைக்க வேண்டிவரும். லிஸ்டட் வீட்டில் அந்தத் துளைக்கே கவுன்சிலின் அனுமதி தேவைப்படலாம். அனுமதி வேண்டிய வேலையை அது இல்லாமல் செய்வது குற்றவியல் குற்றம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முடிவு வரப் பொதுவாக 8 வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதனால் கோடையிலேயே தொடங்குங்கள். தெருப்பக்கம் வேண்டாம், பின்சுவரைக் காட்டிக் கேளுங்கள். திறக்கும் ஜன்னலுக்கு 300 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். துளையைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் உதிரும்.

அடுத்தது அழுத்தம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். லாஃப்ட் தொட்டி கீழ்த்தள ரேடியேட்டருக்கு மேலே 5 மீட்டரில் இருந்தால், அந்த ரேடியேட்டர் இத்தனை வருடம் தாங்கியது 0.5 பார் அழுத்தம் மட்டுமே. காம்பி போட்டால் குளிர்ந்த நிலையிலேயே 1 முதல் 1.5 பார், சூடானால் அதற்கும் மேல். நூறு வருட வார்ப்பிரும்பு ரேடியேட்டரின் இணைப்புகளும், பலகைத் தரைக்கடியில் துருவும் கசடும் மட்டுமே அடைத்து வைத்திருக்கும் ஓட்டைகளும் அப்போதுதான் கசியும். கீழே அலங்காரக் கூரை இருந்தால் அதுவும் போச்சு. குழாய்களை அழுத்தச் சோதனை செய்யாமல் காம்பிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சோதனையில் தேறாவிட்டால் தொட்டியை வைத்துக்கொண்டே ஓடும் ரெகுலர் பாய்லர் போதும், அதில் எந்தக் குறைவும் இல்லை.

கசடைக் கழுவுவதிலும் நிதானம் வேண்டும். பம்ப் வைத்துத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சும் பவர்ஃபிளஷ் பழைய இணைப்பைப் பிரித்துவிடும். கரைப்பான் ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு மெதுவாகக் கழுவுவது நல்லது. பிறகு பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர், தண்ணீரில் துரு தடுக்கும் இன்ஹிபிட்டர்.

35 கிலோவாட் என்பது குழாய் வெந்நீருக்கான கணக்கு. நிமிடத்துக்கு 10 லிட்டரை 35 டிகிரி உயர்த்த 24 கிலோவாட் போதும். அடுக்களைக் குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடத்தில் வாளியில் எவ்வளவு நிறைகிறது என்று அளந்து பாருங்கள். தெருக்குழாயே 9 லிட்டர்தான் தருமென்றால் பெரிய காம்பி வீண். வீட்டைச் சூடாக்கும் தேவையை அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு பாய்லர் எவ்வளவு தணிந்து எரியும் என்பதையும் கேளுங்கள். அந்தக் குறைந்தபட்ச அளவே வீட்டின் தேவையைவிட அதிகமாக இருந்தால் அடிக்கடி அணைந்து எரியும், கேஸும் வீணாகும், உதிரிகளும் தேயும். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டன்சிங்கின் பலன் கிடைக்கும்.

புகையின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் அமில நீர் வடியும் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், செம்பை அது அரித்துவிடும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் 32 மில்லிமீட்டர் குழாய், நல்ல சரிவு, மேலே உறை. மெல்லிய குழாய் கடுங்குளிரில் உறைந்து அடைத்தால் பாய்லர் நின்றுவிடும்.

பழைய புகைக்குழாயிலும் கயிற்று அடைப்பிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், நீங்களாக உடைக்காதீர்கள். வேலைக்கு வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலை செய்வோருக்கான பதிவு அட்டை) திருப்பிப் பாருங்கள், எந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில் இருக்கும். முடிந்ததும் கட்டட விதிச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார். காலியான சிம்னியை முழுக்க அடைத்துவிடாமல், மேலே மழைமூடியும் கீழே காற்றுத் துளையும் வைக்கச் சொல்லுங்கள்.