அப்பா கேரம் ஆடுவதை ஏன் விட்டார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் சாயங்காலம் நூலகம் போவார், அப்புறம் நண்பர்களோடு கேரம் ஆடுவார். அம்மா இறந்து எட்டு மாதமாகிறது. கொஞ்ச நாளாக எங்கும் போவதில்லை, எந்நேரமும் டிவி முன்னால்தான். கேட்டால் "வயசாயிடுச்சு, போதும்மா" என்கிறார். மறதி நோய் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: சுடோகுவை எடுத்து வைத்துவிடுங்கள், அம்மா. புதிதாக ஒன்றைக் கையில் திணிக்கும் முன், பழையது ஏன் நின்றது என்று பார்ப்போம். "வயசாயிடுச்சு" என்பதற்குப் பின்னால், சொல்லக் கூச்சப்படும் ஒரு காரணம் பல நேரம் இருக்கும்.

கோயில் மண்டபத்தில் தினமும் சீட்டாடிய பெரியவர் ஒருவரை, மறதி என்று சொல்லி மகன் அழைத்து வந்தார். அவருக்குப் பின்னால் நின்று பேசினேன், பதிலே இல்லை. முன்னால் வந்து பேசியதும் என் உதட்டைப் பார்த்தபடி சரியாகச் சொன்னார். மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்து, அது கேலியாகிப்போனதில் மண்டபத்துக்கே போவதில்லையாம். ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்தது. இன்னொன்றுக்குக் கருவி தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று சிறுநீர்த் தொந்தரவு. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி அரை மணிக்கொரு தரம் போக வேண்டியிருந்தால், கழிப்பறை இல்லாத இடத்தில் எப்படி உட்காருவார்? இதோடு கண்புரை, முழங்கால் வலி, தைராய்டு, பி12 குறைவு எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது அம்மாவின் மறைவு. முதியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமலே போகலாம். பிடித்ததில் பிடிப்பு போகும், சாப்பாடு குறையும், விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வரும். இவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும், நன்றாகவே குணமாகும். "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி பேசினால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மறதி பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் என்று பொழுதைக் கழித்தவர்களுக்கு மறதி நோய் குறைவாகவே வந்தது. ஆனால் பொழுதுபோக்கை விட்டதால் மறதி வந்ததா, மறதி தொடங்கியதால் விட்டார்களா என்பதை இத்தகைய ஆய்வுகளில் பிரிப்பது கடினம். அதனால் பரிசோதனையின்போது நினைவாற்றலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். அவரோடு ஆடியவர்களில் நெருக்கமான ஒருவரை ஞாயிறு சாயங்காலம் காபிக்குக் கூப்பிடுங்கள். டிவியை அணைத்து, கேரம் போர்டைத் துடைத்துப் பவுடர் தூவி, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஆடச் சொல்ல வேண்டாம்.