இன்காக்கள் நல்லவர்களா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்டெக்குகள் நரபலி கொடுத்த கொடூரர்கள், இன்காக்கள் பசியே இல்லாத நாட்டை ஆண்ட நல்லவர்கள் என்றுதான் நான் பார்த்த காணொளிகளில் எல்லாம் சொல்கிறார்கள். இருவரும் சூரியனைக் கும்பிட்டவர்கள்தானே? பிறகு எப்படி இத்தனை வேறுபாடு?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளுக்கும், தென் அமெரிக்காவில் பெருவை மையமாக வைத்து ஆண்ட இன்காக்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் அது கொடூரத்துக்கும் கருணைக்கும் இடையில் இல்லை. இன்காக்களும் நரபலி கொடுத்தார்கள், அதுவும் குழந்தைகளை. 1999-இல் அர்ஜென்டினாவில் யுயாயாக்கோ எரிமலையின் உச்சியில், 6,700 மீட்டருக்கு மேலே, மூன்று குழந்தைகளின் உடல்கள் கெடாமல் உறைந்து கிடைத்தன. மூத்தவளுக்கு 13 வயது இருக்கும். அவளுடைய தலைமுடியை ஆராய்ந்தார்கள். சாவதற்குச் சுமார் ஓர் ஆண்டு முன்பிருந்து அவள் சாப்பாட்டின் தரம் திடீரென்று உயர்ந்திருக்கிறது. கடைசி வாரங்களில், மென்றால் ஊக்கம் தரும் கோக்கா இலையும் மதுவும் மிக அதிகம். நன்றாக ஊட்டி வளர்த்து, மயக்கத்திலேயே மலையேற்றி விட்டு வந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களை 'நல்லவர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, சூரியனுக்கு வருவோம். ஆஸ்டெக் நம்பிக்கையில் இதற்கு முன் நான்கு உலகங்கள் அழிந்துவிட்டன. ஐந்தாவது சூரியனை நகர வைக்கத் தேவர்களே தங்களைப் பலி கொடுத்தார்கள். ஆகவே மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவன். அந்தக் கடனை ரத்தத்தால் அடைக்காவிட்டால் உலகம் நின்றுவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. போர்க் கைதிகள் கோயிலின் படியேறியது இதற்காகத்தான். இன்காக்களுக்கோ சூரியன் அரசனின் முன்னோன். அங்கே மதம் முழுக்க உறவுமுறையாக இருந்தது. செத்த அரசனும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பதப்படுத்திய அவன் உடலுக்கு நிலமும் அரண்மனையும் வேலையாட்களும் இருந்தன. விழா நாட்களில் அவனைத் தலைநகர் குஸ்கோவின் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து உட்காரவைத்துச் சோறும் மதுவும் படைத்தார்கள்.

ஆட்சி முறையிலும் இதே போலத்தான். தோற்ற ஊரின் அரசனையும் தெய்வத்தையும் ஆஸ்டெக்குகள் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். பருத்தித் துணி, கோக்கோ, இறகு என்று கப்பம் வந்தால் போதும். இன்காக்கள் கேட்டது உழைப்பை. சாலை போட, வயலில் வேலை செய்ய, படைக்குப் போக முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். அடங்காத மக்களை ஊரோடு பெயர்த்துத் தொலைவில் குடியேற்றினார்கள். தோற்றவர்களின் தெய்வச் சிலைகளைக் குஸ்கோவில் பிணையாக வைத்தார்கள். இந்த இரண்டில் எது கொடுமை குறைந்தது என்று என்னால் தராசில் வைக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் பசியற்ற நாடு அந்த உழைப்பால் நிரம்பிய களஞ்சியங்களைப் பார்த்துப் பிறந்த பேச்சு. பஞ்ச காலத்தில் அவை மக்களுக்கும் உதவின. ஆனால் முதல் உரிமை அரசுக்கும் அதன் படைக்கும்தான்.

அப்புறம், ஆண்டவர்களைப் பற்றி ஆளப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1521-இல் ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானை முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர்கள் சிறுபான்மை. பெரும்பகுதி த்லாஸ்காலா போன்ற உள்ளூர் எதிரிகள். பெருவிலும் இதுவே நடந்தது. ஹௌஹா பள்ளத்தாக்கின் வாங்கா மக்கள் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் பக்கம் சேர்ந்து, தங்கள் பகுதியிலிருந்த இன்கா களஞ்சியங்களைத் திறந்து ஸ்பானியப் படைக்குத் தானியமும் துணியும் கொடுத்தார்கள். கொடுத்ததை எல்லாம் கயிற்று முடிச்சுகளில் கணக்கு வைத்திருந்து, பிற்பாடு லிமாவிலிருந்த ஸ்பானிய நீதிமன்றத்தில் அதைக் காட்டிச் சலுகை கேட்டார்கள்.